மூஃப்தார் தெருவும் என் ஜன்னலும்

தீபாவளிக்கு முந்தின வாரம் பேத்தி லீவில் வந்திருந்தாள். சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். வந்த மறுநாள் காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, ஒரு பிரெஞ்சுப் படம். யாரும் பேச மாட்டாங்க. நடுநடுவுல எழுத்து மட்டும் வரும். அதைப் படிச்சு சொல்லு, போதும்.”

அவளுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். கதை, வசனம், நடிகர் எதுவும் இல்லாமல், மனிதர்கள் அன்றாடம் செய்வதைப் பார்த்து ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாராம் அவளுடைய ஆசிரியர். நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்தவன். அந்தப் பிரெஞ்சு பிறகு அரசாங்க வேலையில் அவ்வளவாகப் பயன்படவில்லை. பேத்திக்காவது உதவட்டுமே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

படத்தின் பெயர் ‘லொப்பேரா மூஃப்’. எடுத்தவர் ஆன்யேஸ் வர்தா என்ற அம்மையார். 1958ஆம் ஆண்டுப் படம், கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய 17 நிமிடம். பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஒப்பேரா பூஃப்’ என்றால் பிரெஞ்சில் சிரிப்பு இசை நாடகம். பாரிசில் மூஃப்தார் என்று ஒரு பழைய தெரு. ஊர்க்காரர்கள் செல்லமாக ‘மூஃப்’ என்பார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார் அந்த அம்மா. கீழே ஒரு துணைத் தலைப்பும் வருகிறது: 1958இல் ஒரு கர்ப்பிணிப் பெண் பாரிசின் மூஃப்தார் தெருவில் படமாக எழுதிய குறிப்பேடு என்பது அதன் பொருள். அந்தக் கர்ப்பிணி வர்தாவேதான். அதே வருடம் அவருக்கு ரொசாலி என்ற மகள் பிறந்தாள்.

மூஃப்தார் தெரு பாரிசின் ஐந்தாம் வட்டாரத்தில், ஒரு மேட்டிலிருந்து சேன் மெதார் கோவிலை நோக்கிச் சரிந்து இறங்கும் குறுகலான தெரு. காய்கறி, மீன், இறைச்சி விற்கும் சந்தைத் தெரு. இன்று சுற்றுலாப் பயணிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று அது ஏழைகளின் தெரு. வீடில்லாதவர்கள், குடிகாரர்கள், கிழிந்த கோட்டுப் போட்ட முதியவர்கள் எல்லோரும் அங்கேதான்.

வர்தா செய்தது இவ்வளவுதான். ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ச் சந்தைக்கு நடுவில் போட்டார். வயிற்றுப் பிள்ளையோடு அதன் மேல் ஏறி நின்று, சின்ன 16 எம்.எம். கேமராவால் எடுத்தார். முதலில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுபடி மறுபடி வந்து நின்றார். கொஞ்ச நாளில் அவரும் அந்தத் தெருவின் விளக்குக் கம்பம் மாதிரி ஆகிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கிடைத்தது, மனிதர்கள் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எப்படி இருப்பார்களோ அது.

“இதுல என்ன தாத்தா பரிசோதனை? சும்மா மார்க்கெட்டை எடுத்திருக்காங்க” என்றாள் பேத்தி.

அவள் கேட்டது நியாயம்தான். மனிதர்களைச் சும்மா எடுப்பது சினிமாவின் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1895இல் லியோன் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் முதலில் எடுத்தவற்றில் ஒன்று, தங்கள் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவது. ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனால் அங்கே கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் முதலாளி. வர்தாவின் தெருவில் அவர் யாருக்கும் முதலாளி இல்லை. அவரும் கறிகாய்ப் பை தூக்குகிற ஒரு பெண்தான்.

பரிசோதனை அவர் அடுக்கிய விதத்தில் இருக்கிறது. கதை கிடையாது, விளக்கிச் சொல்லும் குரல் கிடையாது. ழோர்ழ் தெலெரூவின் இசை மட்டும் உண்டு. படம் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. நான் படித்துச் சொன்னேன்: காதலர்கள், கர்ப்பத்தைப் பற்றி, சிலர், போதையைப் பற்றி, மசக்கை. கடைசியாகச் சொன்னதற்குப் பிரெஞ்சில் ‘ஆன்வி’ என்ற சொல். சாதாரண ஆசைக்கும் அதுதான், பிள்ளைத்தாய்ச்சியின் ஆசைக்கும் அதுதான். நமக்கு அதற்கென்றே மசக்கை என்று ஒரு சொல் இருக்கிறது என்றதும் பேத்தி சிரித்தாள். அந்தப் பகுதியில் ஒரு கர்ப்பிணி பூவைக் கடித்துத் தின்றுகொண்டே நடந்து போகிறாள். நம் பெண்கள் சாம்பலும் திருநீறும் தின்பதைப் பார்த்த எனக்கு அது விநோதமாகவே படவில்லை.

‘இதைப் பற்றி’, ‘அதைப் பற்றி’ என்ற தலைப்புகளைப் பார்த்ததும் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் மொந்தேன் தன் கட்டுரைகளுக்கு வைத்த தலைப்புகள் இப்படித்தான் இருக்கும். குடிவெறியைப் பற்றிக்கூட அவர் ஒன்று எழுதியிருக்கிறார். வர்தா கேமராவை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதக் கிளம்பியிருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு பெண்ணின் நிறைமாத வயிறு தெரிகிறது. அடுத்தாற்போல் சந்தையில் ஒரு பெரிய பூசணிக்காயை இரண்டாக வெட்டி, உள்ளே இருக்கும் விதைகளை வழித்து எடுக்கிறார்கள். நான் கொஞ்சம் நெளிந்தேன். பேத்தி ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெறப்போகிறவளின் பயத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது ‘சிலர்’ என்ற பகுதி. அதில் வெறும் முகங்கள்தான். ஒருவர் மூக்கைச் சிந்துகிறார். கிழவி ஒருத்தி எதையோ வாய்க்குள் மெல்லுகிறாள். ஒருவருக்குப் பல் இல்லை. இன்னொருவர் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அழகான முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேமரா அவர்களைக் கேலி செய்யவில்லை. ‘ஐயோ பாவம்’ என்றும் சொல்லவில்லை. வர்தா பிற்காலத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, இந்தக் கிழவர்களும் குடிகாரர்களும் எல்லோரும் ஒரு நாள் பச்சைக் குழந்தைகளாக இருந்தவர்கள்தானே, அவர்கள் வயிற்றிலும் யாரோ முத்தம் கொடுத்திருப்பார்களே என்ற நினைப்பு தனக்கு வந்துகொண்டே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்தவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

படம் முடிந்து பேத்தி எழுந்து போய்விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. மூக்குச் சிந்துகிற அந்த ஆளை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பிறகு பிடிபட்டது. பள்ளியில் எங்களுக்கு லா ப்ருயேர் பாடம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர். மனிதர்களின் நடை, உடை, பாவனைகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். அதில் ழித்தோன், ஃபெதோன் என்று இரண்டு பேர் வருவார்கள். ழித்தோன் பெரிய கைக்குட்டையை விரித்துச் சத்தமாக மூக்குச் சிந்துவான், நடந்தால் வழியை அடைத்துக்கொண்டு நடப்பான், அவன் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். ஃபெதோன் தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மூக்குச் சிந்துவான், தும்மல் வந்தால் தனியாகும்வரை அடக்கிக்கொள்வான், எங்கேயும் இடத்தை அடைக்க மாட்டான். முன்னவன் பணக்காரன், பின்னவன் ஏழை என்று கடைசியில்தான் சொல்வார். 15 வயதில் அதை நான் தலைகீழாக ஒப்பிப்பேன். எங்கள் ஆசிரியர் என் உச்சரிப்பை மெச்சி, வகுப்பின் முன்னால் இரண்டு தரம் சொல்ல வைத்தார்.

இனிமேல் சொல்லப்போவதை நான் இதுவரை எழுதியதில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு ஏறக்குறைய ஒன்பது வருடம் எனக்கு மனு வாங்கும் ஜன்னலில் வேலை. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. கம்பி போட்ட ஜன்னல், கீழே ஒரு சந்து, அதன் வழியாகக் காகிதம் உள்ளே வரும். நான் மனுவைப் பார்ப்பேன், இணைப்புகளை எண்ணுவேன், குறை இருந்தால் திருப்பித் தள்ளுவேன். நிமிர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. பார்த்தால் நேரமாகும் என்று என் மூத்த எழுத்தர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். கைகளை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிற அளவுக்குத் தேர்ந்துவிட்டேன். மீன்காரம்மா கை, கொத்தனார் கை, வாத்தியார் கை.

1984 என்று நினைக்கிறேன். மழைக்காலம். எனக்குச் சாப்பாடு கொண்டு வரும் பையன் அன்று வரவில்லை. அம்மாவே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆபீசுக்கு உள்ளே நுழைந்தால் மகனுக்கு ஏதாவது தொந்தரவு வருமோ என்று வரிசையில் நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம். அவர் முறை வந்தது. சந்து வழியாகக் காகிதம் வரவில்லை. ஒரு கை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“மனு எங்க? மனு இல்லாம வந்து நின்னா எப்படி? நாளைக்கு எழுதி எடுத்துக்கிட்டு வாங்க” என்றேன். நிமிரவில்லை.

“சரிங்க” என்று ஒரு குரல். கை போய்விட்டது. அடுத்த காகிதம் வந்தது.

ஒரு மணிக்கு வெளியே வந்தால் தாழ்வாரத்துப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியில் டிபன் கேரியர். எனக்குக் கை கால் ஆடவில்லை. “ஏம்மா, நான்தான்னு சொல்லக் கூடாதா?” என்று கத்தினேன், என் தப்பை அவர் தலையில் போடுகிற மாதிரி.

“சொல்லத்தான் வாயைத் தொறந்தேன் தம்பி. ‘சரிங்க’ன்னு தானா வந்துடுச்சு. முன்னாடி நின்ன எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க” என்றார் அம்மா.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு, வரிசையிலும் பெஞ்சிலுமாகத் தான் பார்த்ததையெல்லாம் என்னிடம் சொன்னார். ஒரு பெரியவர் ஜன்னல் நெருங்க நெருங்கச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டாராம். ஒரு பொம்பளை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி, முடிந்து, மறுபடி அவிழ்த்து எண்ணிக்கொண்டே இருந்தாளாம். ஓர் ஆள் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். ஜன்னலுக்கு வந்ததும் ஒன்றும் வரவில்லையாம், காகிதத்தை மட்டும் நீட்டினாராம்.

“அப்புறம் ஒண்ணு தம்பி. உன் ஜன்னல்கிட்ட வந்ததும் எல்லாரும் செருப்பைக் கழட்டிடறாங்க. நீதான் கழட்டச் சொன்னியா?”

நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. என் இருக்கையிலிருந்து தரை தெரியாது. அத்தனை வருடமும் எனக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அம்மா மூன்றாவது வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. லா ப்ருயேர் என்ற பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார். ஃபெதோனைத் தலைகீழாக ஒப்பித்த நானோ, நாள் ஒன்றுக்கு ஐம்பது ஃபெதோன்களை நிமிர்ந்து பார்க்காமலே அனுப்பிக்கொண்டிருந்தேன். லா ப்ருயேராவது பார்த்துவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். நான் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேன். அம்மா பார்த்தார், அதோடு சரி. என்னைக்கூட அவர் திட்டவில்லை. வர்தாவின் படத்தில் என்னை உறுத்தியதும் இதுதான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவையே நாற்காலி மேல் பார்த்த மாதிரி இருந்தது.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஒரு வாரம் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தேன், “உட்காருங்க” என்றேன். வரிசை வாசலைத் தாண்டிப் போனது. மேலே இருந்து சத்தம் வந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அடுத்த வருடம் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அம்மா 1997இல் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தி மறுபடி வந்தாள். அவளுக்கு வேறொரு சந்தேகம். “தாத்தா, அந்தக் குடிச்சிட்டு விழுந்து கெடக்கறவங்ககிட்ட எல்லாம் யாராச்சும் பர்மிஷன் கேட்டிருப்பாங்களா? நாளைக்கு நம்ம பெரிய மார்க்கெட்ல நான் இப்படி நாற்காலி போட்டு நின்னா சும்மா விடுவாங்களா?”

நல்ல கேள்வி. பார்ப்பதிலும் மரியாதை, அவமரியாதை என்று இரண்டு உண்டு. படம் எடுக்கப்பட்டது அவர்களுக்குத் தெரிந்ததா, தெரிந்திருந்தால் சம்மதித்திருப்பார்களா என்பதற்கு அந்த 17 நிமிடத்தில் பதில் இல்லை. ஆனால் வர்தா அங்கேயே நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டில், 70 வயதைக் கடந்த பிறகு, கையடக்க டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அறுவடை முடிந்த வயலில் சிந்தியதைப் பொறுக்குகிறவர்கள், சந்தை கலைந்த பிறகு மிச்சத்தை எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் இவர்களைப் பற்றிய படம். இந்தத் தடவை நாற்காலி மேல் ஏறி நிற்கவில்லை. பக்கத்தில் போய்ப் பேசினார், அவர்களைப் பேச விட்டார். இரண்டு வருடம் கழித்து மறுபடி போய் அதே ஆட்களில் பலரைத் தேடிப் பார்த்து, இன்னொரு படமும் எடுத்தார். முதல் படத்திலேயே ஓர் இடத்தில் ஒரு கையில் கேமராவை வைத்துக்கொண்டு, தன் மறு கையைத் தானே எடுக்கிறார். சுருக்கம் விழுந்த, புள்ளிகள் நிறைந்த கிழட்டுக் கை. மூஃப்தார் தெருக் கிழவர்களை 30 வயதை நெருங்கும்போது பார்த்தவர், கடைசியில் தன்னையும் அதே கண்ணால் பார்த்துக்கொண்டார். 2019இல், 90 வயதில் இறந்தார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “கேட்டுட்டே எடு” என்றேன். “கேட்டா நடிப்பாங்களே தாத்தா” என்றாள். “நடிக்கட்டும். நீ தினமும் போய் நில்லு. நாலு நாள்ல சலிச்சுப் போயிடும்.” அவள் அப்படியே செய்தாள். மார்க்கெட்டில் ஒரு பூக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் அந்த அம்மா தலையை வாரிக்கொண்டு வந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தாராம். ஐந்தாம் நாள், வியாபாரம் இல்லாத மத்தியான நேரத்தில், தொடுத்து முடித்த சரத்தைத் தன் கொண்டையில் வைத்துப் பார்த்து, எடுத்துத் தண்ணீர் தெளித்துக் கூடையில் போட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்து நிமிடப் படத்துக்கு அந்த ஒரு காட்சி போதும்.

நவம்பர் வந்தது. பென்ஷன்காரர்களுக்கு இது என்ன மாதம் என்று உங்களுக்கே தெரியும். உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க நானும் போனேன். கூட்டம். எனக்கு முன்னால் பதினான்கு பேர். ஒரு பெரியவர் விரல் ரேகை பதியாதோ என்று கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஓர் அம்மா பையைத் திறந்து பாஸ்புத்தகம் இருக்கிறதா என்று பார்த்து மூடினார், திரும்பத் திறந்தார்.

என் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது, என் கை தானாக மேலே போய்ச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டது.

சட்டென்று கீழே பார்த்தேன். வெறும் கால். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை.